எலி இன்சுலின் எலைசா: கோளாறைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது

எலைசா (ஆன்டிபாடி கொண்டு பிடித்து, நிறத்தை வைத்து அளக்கும் சோதனை) எண்கள் ஒத்து வரவில்லை என்றதும் இன்னொரு பிளேட் (96 குழித் தட்டு) போட்டுப் பார்த்துவிடலாம் என்றுதான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். 250 கிராம் எலியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 16 மி.லி. வாலில் ஒரு தடவை எடுக்கும் 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பிளாஸ்மா 40, 50 தேறினால் அதிகம். இரட்டைக் குழிக்குப் பத்துப் பத்தாக 20 ஏற்கெனவே போய்விட்டது. மீதியை எதற்குச் செலவழிப்பது என்பதைக் காரணம் பிடிபட்ட பிறகு முடிவு செய்யுங்கள். கிட் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், அந்த நிமிடத்து ரத்தம் மறுபடி வராது.

இங்கே சொல்வது சாண்ட்விச் எலைசாவுக்கு. பிளேட்டின் அடியில் ஒட்டிய ஆன்டிபாடி இன்சுலினைப் பிடிக்கும். எச்.ஆர்.பி. என்ற என்சைம் கட்டிய இரண்டாவது ஆன்டிபாடி (கான்ஜுகேட்) அதே இன்சுலினின் வேறொரு பக்கத்தில் வந்து உட்காரும். அந்த என்சைம் நிறமாற்றும் டி.எம்.பி. கரைசலை ஊற்றினால் நீலம், அமிலம் (ஸ்டாப் கரைசல்) ஊற்றினால் மஞ்சள், அந்த நிறத்தின் அடர்த்தியை ரீடர் கருவி 450 நானோமீட்டரில் படித்துத் தரும் எண்தான் ஓ.டி. இன்சுலின் கூடினால் நிறம் கூடும். உங்களிடம் இருப்பது போட்டி முறை கிட் என்றால் எல்லாம் தலைகீழ்: இன்சுலின் கூடக் கூட நிறம் குறையும். சாண்ட்விச் டெம்ப்ளேட்டில் போட்டி முறை எண்களைப் போட்டு நாள் முழுக்கக் குழம்புகிறவர்கள் உண்டு. கிட் எந்த வகை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேட்டை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: ஸ்டாண்டர்டு (வளைகோடு வரைய, அளவு தெரிந்த இன்சுலின்), கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த சரிபார்ப்புச் சாம்பிள்), சாம்பிள். ஸ்டாண்டர்டே கோணலாக இருந்தால் கோளாறு கிட்டிலோ கையிலோ கருவியிலோ இருக்கிறது, எலியை நினைக்கவே வேண்டாம். ஸ்டாண்டர்டும் கன்ட்ரோலும் சரியாக இருந்து சாம்பிள் மட்டும் முரண்டு பிடித்தால், தப்பு பிளேட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. எலி வேலையில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம், ஆனால் எல்லோரும் முதல் வகையைத்தான் தேடுவார்கள்.

ஒழுங்காக ஓடிய பிளேட்டில் பூஜ்ய ஸ்டாண்டர்டு 0.1 ஓ.டி.க்குக் கீழே இருக்கும், உச்ச ஸ்டாண்டர்டு பெரும்பாலும் 1.5 முதல் 3 வரை. ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் வளைகோட்டில் வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் எழுதிய அளவில் 80 முதல் 120 சதவீதத்துக்குள் வர வேண்டும். ஆர்-ஸ்கொயர் 0.99 என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். மேல்முனை ஸ்டாண்டர்டுகள் இரண்டு நன்றாக இருந்தாலே அந்த எண் அழகாக வந்துவிடும், அடிமுனையில் 40 சதவீதம் பிசகியிருக்கும். உண்ணாவிரத எலியின் இன்சுலின் இருப்பதோ அந்த அடிமுனையில்தான். நேர்கோடு வேண்டாம், நான்கு அளவுருக்கள் கொண்ட வளைகோட்டையோ கிட் தாளில் சொல்லியிருக்கும் முறையையோ போடுங்கள்.


பிளேட் முழுக்க நிறமே இல்லை, அல்லது மிக வெளிறியிருக்கிறது

முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். சுத்தமான டியூபில் 100 மைக்ரோலிட்டர் டி.எம்.பி. எடுத்து, அதில் கிட்டின் என்சைம் கான்ஜுகேட்டை 1 மைக்ரோலிட்டர் விடுங்கள். உடனே அடர் நீலம் வந்தால் என்சைமும் டி.எம்.பி.யும் உயிரோடு இருக்கின்றன, கோளாறு வேறெங்கோ. நீலம் வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று கெட்டிருக்கிறது. வேறு கிட்டின் டி.எம்.பி. கொஞ்சம் இருந்தால் மாற்றிப் பார்த்து எது என்று தெரிந்துகொள்ளலாம்.

என்சைமைக் கொல்வதில் முதலிடம் சோடியம் அசைடுக்கு. பி.பி.எஸ். (உப்புத் தாங்கல் கரைசல்) கெடாமல் இருக்க யாரோ அசைடு கலந்து வைத்திருப்பார்கள், பாட்டிலில் எழுதியிருக்காது. எச்.ஆர்.பி. அதைத் தாங்காது. கழுவும் கரைசலைக் கிட்டில் வந்த அடர் கரைசலிலிருந்து அன்றன்றைக்குப் புதிய காய்ச்சி வடித்த நீரில் தயாரியுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரினும் ஆகாது. அடர் கரைசல் ஃபிரிட்ஜில் உப்புப் படிந்திருந்தால் 37 டிகிரியில் வைத்து முழுக்கக் கரைத்த பிறகே அளந்து எடுங்கள். தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றிவிட்டால் உப்புச் செறிவே மாறிவிடும்.

என்சைம் சரி, ஆனாலும் நிறம் பாதிதான் என்றால் ஷேக்கரைப் பாருங்கள். நிறைய எலி இன்சுலின் கிட்டுகள் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று கேட்கின்றன. அது சிறுவட்டமாக வேகமாக ஆடும் பிளேட் ஷேக்கருக்கான எண். ஜெல் கழுவும் ஆட்டியில் 80 சுற்றில் வைத்தால் 10 மைக்ரோலிட்டர் சாம்பிள், மேலே ஊற்றிய 100 மைக்ரோலிட்டர் கான்ஜுகேட்டோடு கலப்பதே இல்லை. அடியில் ஒட்டிய ஆன்டிபாடியை இன்சுலின் போய்ச் சேர வேண்டும், அசைவில்லாத திரவத்தில் அதற்கு இரண்டு மணி நேரம் பத்தாது. தகுந்த ஷேக்கர் இல்லாவிட்டால் அந்த வகைக் கிட்டை வாங்கவே வேண்டாம். அசையாமல் வைக்கும்படி வடிவமைத்த கிட்டுகளும் கிடைக்கின்றன.

இன்னும் மூன்றை ஒரு பார்வை பாருங்கள். ரீடர் 450இல்தான் படித்ததா? ஸ்டாப் கரைசல் ஊற்றாமல் நீலமாகவே இருந்தால் 450இல் எண் குறைவாகத்தான் காட்டும், அந்த நீலத்தின் உச்சம் 650 பக்கம். கிட் பெட்டி குளிரிலிருந்து நேராக வந்து பிளேட்டில் ஏறியதா? எல்லாம் அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரமாவது வேண்டும். ஸ்டாண்டர்டு பவுடராக வந்திருந்தால் நீர் விட்டு 10, 15 நிமிடம் காத்திருந்து, மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கினீர்களா? அவசரத்தில் எடுத்தால் பவுடர் மூடியில் ஒட்டிக்கொண்டு, ஸ்டாண்டர்டு மட்டும் வெளிறி, சாம்பிள்கள் எல்லாம் பொய்யாக உயர்ந்து தெரியும்.


பூஜ்யம் உட்பட எல்லாமே கருமஞ்சள்

கழுவியது போதவில்லை, அல்லது வெப்பம் அதிகம். கிட் தாளில் "அறை வெப்பம்" என்றால் 18 முதல் 25 டிகிரி. மதியம் மின்சாரம் போய் ஏசி நின்ற அறையில், மே மாதம், 33 டிகிரியில் 15 நிமிடம் வைத்த டி.எம்.பி. அந்தக் கணக்கில் அடங்காது. அந்த நேரத்தில் டி.எம்.பி. ஊற்றாமல் இருப்பதே நல்லது.

கழுவும்போது ஒவ்வொரு குழியையும் 350 மைக்ரோலிட்டர் வரை நிரப்புங்கள். கிட் ஆறு தடவை சொன்னால் ஆறுதான், நான்கு போதும் என்று நினைக்கக் கூடாது. கடைசிக் கழுவலுக்குப் பிறகு பிளேட்டைக் கவிழ்த்து, நான்காக மடித்த டிஷ்யூத் தாளில் ஓங்கித் தட்டுங்கள். தாளில் ஈரவட்டம் விழுவது நிற்கும் வரை தட்டலாம், குழி காய்ந்துபோகும் வரை போட்டு வைக்கக் கூடாது. வாஷர் பயன்படுத்துகிறவர்கள் வெற்றுப் பிளேட்டில் ஒரு சுற்று ஓட்டி 96 குழியும் ஒரே உயரத்தில் நிரம்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஓர் ஊசி அடைத்திருந்தால் அந்த வரிசை முழுக்கக் கருத்திருக்கும்.

டி.எம்.பி. பாட்டிலிலேயே இளநீலமாக இருந்தால் கொட்டிவிடுங்கள். என்சைம் தொட்ட டிப்போ, கழுவாத தொட்டியோ அதற்குள் போயிருக்கிறது. என்சைமுக்கும் டி.எம்.பி.க்கும் ஒரே தொட்டியை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இதற்கு வழக்கமான காரணம்.


இரட்டைக் குழிகள் ஒத்துப் போகவில்லை

ஒரே சாம்பிள் ஒரு குழியில் 0.42, பக்கத்துக் குழியில் 0.55 ஓ.டி. கணக்குப் பார்த்தால் மாறுபாட்டுக் கெழு 19 சதவீதம். 10க்குள் இருந்தால் நல்லது, 15ஐத் தாண்டினால் அந்தச் சாம்பிளை மறுபடி ஓட்ட வேண்டும். சராசரி எடுத்துக் கடந்துவிடாதீர்கள், இரண்டில் எது உண்மை என்று சராசரிக்குத் தெரியாது.

காரணம் கிட்டத்தட்ட எப்போதும் அந்த 5 அல்லது 10 மைக்ரோலிட்டர்தான். மனித சீரத்தில் 50, 100 எடுத்துப் பழகியவர்களுக்கு இதன் கொடுமை பிளேட் போட்ட பிறகுதான் புரியும். பிளாஸ்மாவில் முக்கி எடுத்த டிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: வெளிப்புறத்தில் பளபளவென்று ஒரு படலம், நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டு ஒரு மைக்ரோலிட்டர் இருந்தால், 10 எடுத்ததாக நினைத்து 11 விடுகிறீர்கள். 5 எடுக்கும் கிட்டில் அதே சொட்டு 20 சதவீதம்.

ஆகவே டிப்பைத் திரவத்தின் மேல்மட்டத்துக்கு 2 மி.மீ. கீழே மட்டும் இறக்குங்கள். ஒரு தடவை உறிஞ்சி விட்டு டிப்பின் உட்புறத்தை நனைத்த பிறகு அளவு எடுங்கள். வெளியே எடுக்கும்போது டியூபின் சுவரில் நுனியைத் தொட்டு இழுங்கள். குழிக்குள் விடும்போது அடித்தளத்தை ஒட்டி, கீறாமல் தொட்டு விட வேண்டும், காற்றில் தொங்கவிட்டுத் தள்ளினால் பாதி டிப்பிலேயே நின்றுவிடும். 10 மைக்ரோலிட்டர் எடுக்க 2–20 பைப்பெட் அல்லது 1–10 பைப்பெட். 20–200ஐத் திருகித் திருகி 10க்குக் கொண்டுவர முயன்றால் அளவு எதுவாகவும் இருக்கும். பிளாஸ்மா நீரை விடக் கெட்டி, அதற்கு ரிவர்ஸ் பைப்பெட்டிங் நன்றாக உதவும்: இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சி, முதல் நிறுத்தம் வரை மட்டும் தள்ளுங்கள். இதற்குச் சாம்பிள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், 25 மைக்ரோலிட்டர்தான் மிச்சம் என்றால் சாதாரண முறையே செய்ய வேண்டியிருக்கும்.

கை சரியாக இருந்தும் இரட்டை ஒத்துவராவிட்டால் சாம்பிளில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் புரதம்) நூல் இருக்கும். ஹெப்பரின் பிளாஸ்மாவை உறைய வைத்து உருக்கினால் ஜவ்வு மாதிரி ஒன்று மிதக்கும், டிப்பின் வாயை அது பாதி அடைத்துவிடும். ஐஸில் உருக்கி, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, குளிரில் 10,000 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுற்றி, நடுவிலிருந்து எடுங்கள். கொழுப்புத் தீனி தின்ற எலியின் பிளாஸ்மா பால்போல இருந்தாலும் இதே வைத்தியம்தான், 10 நிமிடமாக. மேலே திரளும் வெண்படலத்தை விட்டுக் கீழே தெளிந்ததை எடுக்க வேண்டும்.

அமிலம் ஊற்றிய பிறகு சில குழிகளில் பச்சை வளையம் தெரிந்தால் அது கலக்காத டி.எம்.பி. பிளேட்டை ஷேக்கரில் சில விநாடி ஆட்டி, முழுமஞ்சள் ஆன பிறகு படியுங்கள். குமிழி இருந்தால் ஊசியால் உடையுங்கள், குழிக்குக் குழி ஊசியை மாற்ற மறக்காதீர்கள்.

ஓரக்குழிகள் மட்டும் உயர்ந்தோ, முதல் பட்டையிலிருந்து கடைசிப் பட்டை வரை ஏறிக்கொண்டே போயோ இருந்தால் அது நேரமும் வெப்பமும் செய்யும் வேலை. சாம்பிள் விட 20 நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால், எல்லாவற்றையும் சாதாரண பிளேட் ஒன்றில் முன்கூட்டியே அடுக்கி வைத்து மல்டிசேனலில் ஒரே மூச்சில் மாற்றுங்கள். ஒட்டுத்தாள் போட்டு மூடுங்கள்.


ஸ்டாண்டர்டு அருமை, ஆனால் நார்மல் எலியின் இன்சுலினே கிடைக்கவில்லை

இதுதான் அதிகம் வரும் புகார். இரவு பட்டினி போட்ட விஸ்டார் எலியில் இன்சுலின் ஒரு மி.லி.க்கு ஒரு நானோகிராமுக்குக் கீழேதான் இருக்கும், தீனி தின்ற எலியில் ஒன்றிரண்டு நானோகிராம், சில சமயம் அதற்கு மேல். நார்மல் குழுவே கண்டறியும் எல்லைக்குக் கீழே விழுந்தால் பின்வருவனவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள்.

கிட் எலிக்கானதுதானா? மனித இன்சுலினும் எலி இன்சுலினும் ஒன்றல்ல. ஏ சங்கிலியில் 4ஆவது இடம், பி சங்கிலியில் 3ஆவது, 30ஆவது இடங்கள் வேறு. எலிக்கு இரண்டு இன்சுலின் ஜீன்கள் உண்டு. முதல் இன்சுலினில் பி9 இடத்தில் புரோலின், இரண்டாவதில் பி29 இடத்தில் லைசினுக்குப் பதில் மெத்தியோனின். மனித இன்சுலினுக்கென்றே தேர்ந்தெடுத்த மோனோகுளோனல் ஆன்டிபாடி இந்த இடங்களில் ஒன்றைப் பிடிப்பதாக இருந்தால் எலியின் இன்சுலினைத் திரும்பியும் பார்க்காது. எலி சீரத்தை மருத்துவப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி, மனிதருக்கான தானியங்கிக் கருவியில் ஓட்டிவரச் செய்வது நம் ஊரில் பரவலாக நடக்கிறது. அந்த எண்ணை நம்பி எதுவும் எழுதாதீர்கள். கருவியின் மேல் குறையில்லை, அது மனித இன்சுலினுக்காகச் செய்யப்பட்டது. சுண்டெலிக் கிட் இருந்தால் பரவாயில்லை: சுண்டெலியின் இரண்டு இன்சுலின்களும் எலியின் இரண்டும் அமினோ அமில வரிசையில் ஒன்றே.

சாம்பிள் சிவந்திருக்கிறதா? சிவப்பணுவுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் என்சைம் இருக்கிறது. சிவப்பணு உடைந்தால் அது பிளாஸ்மாவுக்குள் வந்து இன்சுலினை வெட்டத் தொடங்கும். குளிரில் மெதுவாக, அறை வெப்பத்தில் வேகமாக. இளஞ்சிவப்புப் பிளாஸ்மா மேசைமேல் ஒரு மணி நேரம் கிடந்தால் எந்தக் கிட்டாலும் மீட்க முடியாது, இன்சுலின் அங்கே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு உடைவையும் பிடிக்க நானோடிராப்பில் (ஒரு சிறு துளியின் ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) 2 மைக்ரோலிட்டர் வைத்து 414 நானோமீட்டரில் பாருங்கள், ஹீமோகுளோபினின் உச்சம் அங்கேதான். ஒவ்வொரு சாம்பிளுக்கும் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, இன்சுலின் குறைந்த சாம்பிள்களில்தான் அது கூடியிருக்கிறதா என்று ஒப்பிட்டால் விடை கையில் வந்துவிடும்.

சிவப்பணு உடைவது பெரும்பாலும் வாலில்தான். ரத்தம் வரவில்லை என்று மாட்டுமடியைக் கறப்பது போல வாலை உருவினால் சிவப்பணுவும் உடையும், திசுநீரும் கலக்கும். வாலை முன்கூட்டியே வெதுவெதுப்பான நீரிலோ விளக்கடியிலோ வைத்துச் சூடேற்றுங்கள், 38, 40 டிகிரி போதும். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். தானாக வழிவதைக் கேபிலரியில் ஏற்றி, இ.டி.டி.ஏ. டியூபில் நேராக ஐஸுக்கு. அரை மணி நேரத்துக்குள் 4 டிகிரியில் 2,000 ஜி, 10 நிமிடம். இதயத்திலிருந்து ஊசியால் எடுத்தால் ஊசியைக் கழற்றிவிட்டு டியூபின் சுவரில் மெதுவாக வழியவிடுங்கள். ஊசி வழியாக மறுபடி பீய்ச்சினால் எல்லாம் சிவந்துவிடும். 500 மைக்ரோலிட்டர் குறியிட்ட இ.டி.டி.ஏ. டியூபில் 100 மட்டும் எடுத்தால் இ.டி.டி.ஏ. ஐந்து மடங்காகிவிடும். கிட்டின் என்சைம் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்றால் அது நிறத்தையே குறைக்கும், எச்.ஆர்.பி.க்கு அவ்வளவு தொந்தரவில்லை. ஓர் ஆய்வில் சீரமா பிளாஸ்மாவா என்பதை முதல் நாளே முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள்.

மயக்க மருந்து என்ன? கீட்டமின்–சைலசின் கொடுத்து ரத்தம் எடுத்தால் சைலசின், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் ஆல்ஃபா-2 ஏற்பியைத் தூண்டி இன்சுலின் சுரப்பை அடக்கும், சர்க்கரை ஏறும். ஐசோஃபுளூரேனும் சுரப்பைக் குறைக்கிறது. நார்மல் எலியின் குளுக்கோஸ் 250 மி.கி., இன்சுலின் அடியில் என்று வந்தால் எலிக்கு நீரிழிவு வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், மயக்க மருந்துக் குறிப்பைப் பாருங்கள். பழக்கப்படுத்தாத எலியைப் பிடித்து இறுக்கினாலும் அட்ரினலின் அதே வழியில் வேலை செய்யும். இன்சுலின் அளக்கும் ஆய்வென்றால் எலியை ஒரு வாரம் தினமும் கையில் எடுத்துப் பழக்கி, விழித்திருக்கையிலேயே வாலில் எடுப்பது நல்லது. எலிக்கும் வலி குறையும், எண்ணும் உண்மையாக இருக்கும்.

கடைசியாகப் பட்டினி நேரம். எலி இரவில் தின்னும் பிராணி. மாலையில் தீனியை எடுத்து மறுநாள் காலை வரை விட்டால் அது தின்னும் வேளை முழுக்கப் பட்டினி கிடக்கிறது, இன்சுலின் தரைதட்டும். விளக்கு எரியத் தொடங்கிய பிறகு தீனியை எடுத்து 5, 6 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் அளக்கக்கூடிய எல்லைக்குள் வரும்.

பீட்டா செல்லை அழித்து நீரிழிவை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோஸோடோசின் கொடுத்த எலியில் எண் எல்லைக்குக் கீழே போவது கோளாறல்ல, அதுதான் நோய். ஆனால் அதைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள், வளைகோட்டைக் கீழே நீட்டி 0.03 என்றும் எழுதாதீர்கள். கிட்டின் எல்லை 0.15 என்றால் "0.15க்குக் கீழ்" என்றே பதியுங்கள். எண்ணே வேண்டுமென்றால் 25 மைக்ரோலிட்டர் சாம்பிள் எடுக்கும் அதிநுண் கிட்டுக்குப் போங்கள்.


சில எலிகளில் மட்டும் நம்ப முடியாத உயரம்

ஸ்ட்ரெப்டோஸோடோசின் கொடுத்த அன்றே ரத்தம் எடுத்தீர்களா? சாகிற பீட்டா செல்கள் தம்மிடம் இருந்த இன்சுலினையெல்லாம் கொட்டிவிடும். ஊசி போட்ட சில மணி நேரத்தில் சர்க்கரை சரிந்து எலி சாவதும் இதனால்தான். முதல் இரவு சர்க்கரைத் தண்ணீர் வைப்பது அதற்குத்தான். மூன்று நாளாவது போகட்டும்.

எலிக்கு மனித இன்சுலினோ அதன் மாற்று வடிவமோ மருந்தாகக் கொடுத்திருந்தால் நிறைய எலிக் கிட்டுகள் அதையும் சேர்த்தே எண்ணும். நீங்கள் கொடுக்கும் அதே இன்சுலினைக் கிட்டின் நீர்ப்பியில் (நீர்க்கும் கரைசலில்) 1 மற்றும் 10 நானோகிராமுக்குக் கலந்து, எலி இல்லாமலே இரண்டு குழியில் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு பிடிக்கிறது என்று நேரடியாகத் தெரியும். பிடிக்கிறதென்றால் எலியின் சொந்தச் சுரப்பை அறிய எலி சி-பெப்டைடு (இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் துண்டு) கிட்தான் வழி. வாரக்கணக்கில் வேற்று இன்சுலின் ஏற்றிய எலியில் இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடியும் முளைத்திருக்கலாம், அது எண்ணை இரு பக்கமும் இழுக்கும். 25 சதவீத பி.இ.ஜி. 6000 (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கரைசலைச் சம அளவு கலந்து, சுற்றி, மேல்நீரை மட்டும் அளங்கள். ஸ்டாண்டர்டையும் அதே மாதிரி நடத்தி, நீர்ப்பு இரண்டு என்று கணக்கிடுங்கள். ஆன்டிபாடி படிந்துவிடும், கட்டுப்படாத இன்சுலின் மேலே நிற்கும்.

செல் அல்லது ஐலெட் (கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்திட்டு) வளர்ப்புச் சாம்பிளில் எல்லாக் குழியும் உச்சத்தில் நின்றால் ஊடகத்தின் பொருள்பட்டியலைப் படியுங்கள். இன்சுலின்–டிரான்ஸ்ஃபெரின்–செலினியம் சேர்த்த ஊடகத்தில் ஒரு மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் இன்சுலின் இருக்கும், நீங்கள் தேடுவதோ நானோகிராம். இரண்டு தடவை கழுவினாலும் போகாது. சுரப்புச் சோதனைக்குக் குறைந்தது முந்தைய நாளிலிருந்தே அது இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள்.


நீர்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை

கணையச் சாற்றிலும் ஐலெட் சாற்றிலும் வருவது இது. பத்து மடங்கு நீர்த்த குழியில் 4 நானோகிராம், நூறு மடங்கில் 3.5 என்று வந்தால், பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 40, இரண்டாவது 350. இன்சுலின் அளவுக்கு மீறியிருக்கிறது. இரண்டு ஆன்டிபாடியையும் தனித்தனியாக நிரப்பிவிட்டு, சாண்ட்விச் கட்டவே இடமில்லாமல் நிறம் குறைகிறது. சாம்பிளும் என்சைமும் ஒரே நேரத்தில் ஊற்றும் கிட்டில்தான் இந்தக் கொக்கி விளைவு அதிகம். மேலும் நீர்த்துக்கொண்டே போய், அடுத்தடுத்த இரண்டு நீர்ப்புகள் பெருக்கலில் 20 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் இடத்தில் நில்லுங்கள்.

முழுக் கணையத்தில் பல பத்து மைக்ரோகிராம் இன்சுலின் உண்டு. 70 சதவீத எத்தனாலில் 1.5 சதவீதம் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த 5 மி.லி.யில் அரைத்து, இரவு முழுக்க −20இல் வைத்து, மறுநாள் சுற்றி எடுத்த சாறு 1:1,000இலிருந்து 1:10,000 வரை நீர்ப்பு கேட்கும். அதற்கு முன் ஒன்று மறக்கக் கூடாது: சாற்றோடு சம அளவு 1 மோலார் டிரிஸ், பி.எச். 7.5 சேர்த்து அமிலத்தை முறியுங்கள். பி.எச். தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டே பிளேட்டுக்கு. முறியாத அமிலம் ஆன்டிபாடியின் பிடியைத் தளர்த்தும். செல் உடைக்கும் கரைசலில் டி.டி.டி.யோ மெர்காப்டோஎத்தனாலோ இருந்தால் இன்சுலினின் இரண்டு சங்கிலியையும் இணைக்கும் டைசல்பைடு பாலமே அறுந்துவிடும், அந்தச் சாறு இன்சுலின் எலைசாவுக்கு உதவாது.

எதிர்த்திசையிலும் நடக்கும்: நீர்க்க நீர்க்க எதிர்பார்த்ததை விடக் குறைகிறது. வெறும் பி.பி.எஸ்.இல் நீர்த்திருப்பீர்கள். நானோகிராம் அளவில் இன்சுலின் டியூப் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எந்தத் தாங்கலானாலும் 0.1 சதவீதமாவது பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின் புரதம்) இருக்கட்டும், முடிந்தால் கிட்டின் நீர்ப்பியையே பயன்படுத்துங்கள், கண்ணாடி டியூபைத் தவிருங்கள்.


குளுக்கோஸ் கொடுத்தும் இன்சுலின் ஏறவில்லை

கிலோவுக்கு 2 கிராம் வாயில் கொடுத்து 30, 60, 120 நிமிடத்தில் எடுத்தால் உச்சம் கையைவிட்டுப் போயிருக்கும். விழித்திருக்கும் எலியில் அது 15 நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். ரத்தத்தில் இன்சுலினின் ஆயுளே சில நிமிடம்தான். சோதனையை மாற்ற வேண்டாம், 15ஐச் சேருங்கள். ரத்தம் பத்தாதென்றால் 60ஆவது நிமிடத்தில் இன்சுலினை விட்டுவிட்டுக் குளுக்கோஸ் மட்டும் பாருங்கள்.


எண் சரி, மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும்

அலகைப் பாருங்கள். எலி இன்சுலினின் மூலக்கூறு எடை சுமார் 5,800. ஆகவே ஒரு மி.லி.க்கு 1 நானோகிராம் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 172 பிக்கோமோல். பன்னாட்டு அலகு மனித இன்சுலினுக்கு வகுத்தது: ஓர் அலகு 0.0347 மி.கி. அதன்படி 1 நானோகிராம் சுமார் 29 மைக்ரோ அலகு. எலிக்கு அந்த அலகில் எழுதாமல் நானோகிராமிலோ பிக்கோமோலிலோ எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். ஹோமா (இன்சுலின் எதிர்ப்பைக் கணிக்கும் சூத்திரம்) கணக்குக்கு மைக்ரோ அலகு கேட்கும்போது எந்த எண்ணால் பெருக்கினீர்கள் என்பதைச் செய்முறையில் எழுதிவிடுங்கள். அந்தச் சூத்திரத்தின் 22.5 மனிதர்களை வைத்து வந்தது, எலிகளில் குழுவுக்குக் குழு ஒப்பிடலாம், தனி எலிக்கு வரம்பாக வைக்க முடியாது.


மீதமிருக்கும் 25 மைக்ரோலிட்டரை மறுபடி ஓட்டுவதற்கு முன்

எல்லாச் சாம்பிளையும் உருக்காதீர்கள். ஒரு தடவை உருக்கி உறைய வைத்ததை மூன்றாவது தடவைக்கு நம்ப முடியாது. கன்ட்ரோல் தவறிய பிளேட் என்றால் முழுப் பிளேட்டும் திரும்ப ஓட வேண்டும், அதில் பேரமில்லை. கன்ட்ரோல் சரி, இரட்டை மட்டும் தவறியது என்றால் அந்தச் சாம்பிள்கள் மட்டும். அவற்றோடு, நன்றாக வந்த பழைய சாம்பிள்களில் மூன்றை, அடி, நடு, மேல் என்று தேர்ந்தெடுத்து, அதே பிளேட்டில் வைத்து இரண்டு ஓட்டமும் பேசிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். புதிதாகச் செய்வதற்கு முன் தேவையற்ற பிளாஸ்மா ஒன்றில் 1 நானோகிராம் எலி இன்சுலின் கூட்டி ஓட்டுங்கள். கூட்டியதில் 80 முதல் 120 சதவீதம் திரும்பி வந்தால் கிட்டும் உங்கள் பிளாஸ்மாவும் ஒத்துப்போகின்றன, அந்த 25 மைக்ரோலிட்டரை வெளியே எடுக்கலாம்.